வாசல் விலை சொன்னவர்

1981 பிப்ரவரி 2: 42
1986 மார்ச் 3: 58
1991 ஜூன் 10: 85
1993 மே 3: 96
1995 செப்டம்பர் 4: 104
1996 ஏப்ரல் 15: 78
1996 நவம்பர் 4: 70
1997 ஜனவரி 20: 61
1997 டிசம்பர் 1: 88

இந்தத் தேதிகள் எல்லாம் திங்கட்கிழமைகள். எண்கள், ஒரு சதுரம், அதாவது நூறு சதுர அடி சுவர் பூசுவதற்கு எங்கள் கட்டடக் கம்பெனி வாசலில் ஒரு பூச்சுக்காரருக்குக் கொடுத்த கூலி. முப்பத்தாறு வருடம் அந்த வாசலுக்கு உள்பக்கம், ஜன்னலோரமாக உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதியவன் நான். பட்டியலை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன்.

போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் ஒருவர், "வெளியாட்கள் வந்தார்கள், நம் கூலி விழுந்தது" என்று முழங்கினார். பலத்த கைதட்டல். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அவருக்குத் தேதி தெரியாது. கைதட்டியவர்களுக்கும் தெரியாது. எங்கள் வாசலுக்கு வெளியாட்கள் முதலில் வந்தது 1992 செப்டம்பர். அதற்குப் பிறகு கூலி இரண்டு முறை ஏறியிருக்கிறது. விழுந்தது 1996-இல். நடுவில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் ஒரு பூச்சுக்காரரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவரை எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரோ தரையோ சாய்வாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவிக்கு உள்ள பெயர் அது. எங்கே போனாலும் அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை வைத்துப் பார்த்து, "தலைப்பக்கம் அரை இன்ச் இறக்கமா இருக்கு சிஸ்டர்" என்றாராம். "குழந்தையைப் பாருய்யா முதல்ல!" என்று நர்ஸ் விரட்டியிருக்கிறார். இதை அவர் மனைவியே வாசலில் வந்து சொல்லிச் சிரித்தார்.

1981 பிப்ரவரி 2-ஆம் தேதி, இருபத்தாறு வயதில், அவர் வாசலுக்கு வந்தார். அந்த வாசலுக்கு ஒரு முறை இருந்தது. திங்கள் காலை ஏழு மணிக்குப் பூச்சுக்காரர்கள் எல்லாரும் தங்கள் சாந்துச் சட்டிகளை மதிலோரம் வரிசையாக, நிமிர்த்தி வைப்பார்கள். சூப்பர்வைசர் வந்து அந்த வாரக் கூலியைச் சொல்வார். வரிசையில் முதலில் நிற்பவர் அதைக் கேட்டுக்கொண்டு, சம்மதம் என்றால் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். இல்லை என்றால் தன் சட்டியைக் கவிழ்த்துவைத்துத் தன் விலையைச் சொல்வார். அவர் கவிழ்த்ததும் மற்றவர்களும் கவிழ்ப்பார்கள். கவிழ்ந்த சட்டி நிமிரும்வரை ஒரு கரணை, அதாவது ஒரு பூச்சுக்கரண்டி, சாந்துகூடச் சுவரில் ஏறாது. கோஷம் கிடையாது, கொடி கிடையாது. பெரும்பாலும் அரை மணி நேரத்தில் பேசி முடிந்துவிடும். இரண்டு தரப்புக்கும் பொதுவான விலை ஒன்று வரும். அதைத்தான் வாசல் விலை என்பார்கள்.

1991-இல் முதல் இடத்தில் நின்ற பெரியவர் கண் மங்கி விலகிக்கொண்டார். அந்த இடம் ரசமட்டத்துக்கு வந்தது. ஜூன் 10 அன்று அவர் முதன்முதலாகச் சட்டியைக் கவிழ்த்து "எண்பத்தஞ்சு" என்றார். குரல் நடுங்கியது, சட்டி நடுங்கவில்லை. அவருக்குக் கிடைத்த ஒரே பதவி அது. சம்பளம் கூடுதலாக எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் மனைவியிடம், "நான் செத்தாலும் அந்த இடத்துல நின்னுதான் சாவேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "நின்னுக்கிட்டே சாகாதீங்க, மத்தவங்களுக்கு வழி விட்டுச் சாகுங்க" என்றாராம்.

அடுத்த வருடம் செப்டம்பரில் பதினொரு பேர் வெளியிலிருந்து வந்தார்கள். யாரும் கூட்டிவரவில்லை. எங்கோ வேலை இல்லை, இங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மூட்டையும் கரணையுமாகத் தாங்களாகவே வந்தவர்கள். எங்கள் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரசமட்டம் மட்டும் அவர்களில் மூத்தவரிடம் போனார்.

"ஏம்ப்பா, சாந்து கலக்கத் தெரியுமா, கதை கலக்கத் தெரியுமா?"

"ரெண்டும் தெரியும்ணே. எதுக்குக் கூலி ஜாஸ்தி?"

வாசலே சிரித்தது. ரசமட்டம் அவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்தி, சட்டியை எப்போது கவிழ்க்க வேண்டும், எப்போது நிமிர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். எட்டு மாதம் கழித்து அவர் தொண்ணூற்றாறு கேட்டுக் கவிழ்த்தபோது பதினொரு சட்டிகளும் சேர்ந்து கவிழ்ந்தன. ஊரில் கட்டட வேலை கொட்டிக் கிடந்தது. பிடிக்காவிட்டால் அடுத்த கம்பெனிக்குப் போகலாம். எங்கள் ஆட்களும் போகலாம், வந்தவர்களும் போகலாம். அதனால்தான் கூலி ஏறியது. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம்.

முதலாளி படித்தவர். அவருக்கும் புரிந்தது. 1996 பிப்ரவரி 26 அன்று பின்வாசல் வழியாக ஒரு மூடிய லாரி வந்தது. நாற்பது பேர். ஒரு ஏஜென்ட் அழைத்துவந்த ஆட்கள். இரண்டு வருட ஒப்பந்தம். அவர்களுடைய ஊர்ச் சான்று, வேலை அனுமதி, எல்லாக் காகிதமும் ஏஜென்ட் ஆபீசில் ஒரு பச்சைத் தகரப் பெட்டியில். வேலை பிடிக்கவில்லை என்று ஒருவன் வெளியே கால் வைத்தால் காகிதம் இல்லாதவன் ஆகிவிடுவான். தூங்குவது கட்டடத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில். அவர்கள் வாசலில் நிற்கவே இல்லை. நிற்க விடவில்லை.

அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவனுக்கு, சாரம் இல்லாமலே கூரை விளிம்புவரை பூசுவதால் நீளக்கை என்று பெயர் வந்தது. முன்பே இரண்டு வருடம் வேறு இடத்தில் வேலை செய்து நம் பேச்சைக் கற்றிருந்தான். வந்த நான்காம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனே ரசமட்டத்திடம் வந்து கேட்டான். ஜன்னலுக்கு நேர் வெளியே நின்று பேசியதால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அண்ணே, இங்க வேலைக்கு ஏதாச்சும் வழக்கம் உண்டா? சட்டிய எல்லாரும் வாசல்ல வரிசையா வைக்கிறீங்களே, எதுக்கு?"

ரசமட்டம் சோற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சட்டி சும்மா இருக்கு. உனக்கு என்ன?"

"இல்லண்ணே, தெரிஞ்சுக்கிட்டா நாங்களும்..."

"லாரியில வந்தவனுக்கு வாசல் எதுக்குப்பா? போய் வேலையப் பாரு."

நீளக்கை போய்விட்டான். பதினொரு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் நாற்பது பேருக்குச் சொல்லவில்லை. தானாக வந்தவன் மனுஷன், ஏற்றிக்கொண்டுவரப்பட்டவன் சாமான் என்று நினைத்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவரும் முதலாளியும் ஒரே மாதிரி நினைத்தார்கள்.

ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 15 காலை, சூப்பர்வைசர் வாசலுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டே "எழுபத்தெட்டு" என்றார். நூற்று நான்கிலிருந்து எழுபத்தெட்டு. ரசமட்டம் தன் சட்டியைக் கவிழ்த்தார். முப்பத்தொரு சட்டிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. வெளியே அமைதி. உள்ளே கரணைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்பது கரணைகள். எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஒன்பதாம் நாள் பதினான்கு பேர் சட்டியை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். பதினோராம் நாள் யாரோ கொட்டகை மேல் கல் எறிந்தார்கள். நாற்பதில் ஒருவனுக்கு நெற்றியில் நான்கு தையல். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை என்று அவன் கூலியையும் பிடித்தார்கள். அந்தப் பிடித்தத்தை எழுதியது இந்தக் கைதான்.

ரசமட்டம் இருபத்துமூன்று நாள் நின்றார். கடைசியில் வாசலில் அவர் சட்டி மட்டும் கவிழ்ந்திருந்தது. மனைவியின் தம்பி, கார் ஓட்டுபவர், வந்து சிரித்தார்.

"என்ன மச்சான், சட்டிக்குள்ள கோழிக்குஞ்சு எதுவும் வெச்சிருக்கீங்களா? காவல் பலமா இருக்கே!"

"போடா. உன் வண்டிக்கு நாளைக்கு நாற்பது டிரைவர் லாரியில வருவான். அப்ப தெரியும்."

"வந்தவங்களைத் திட்டி என்ன மச்சான்..."

"பின்ன யாரைத் திட்டச் சொல்றே?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என் மேஜை டிராயரில் இருந்தது. மே 6 அன்று ஏஜென்ட்டின் பில் வந்தது. கம்பெனி ஏஜென்ட்டுக்குச் சதுரத்துக்கு 72 கொடுக்கிறது. பில்லோடு தவறுதலாக இன்னொரு தாளும் குத்தப்பட்டிருந்தது. அது ஏஜென்ட் தன் ஆட்களுக்குக் கொடுக்கும் பட்டியல். சதுரத்துக்கு 41. இரண்டையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். இதற்கு மேல் சாக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மே 8 அன்று ரசமட்டம் சட்டியை நிமிர்த்தினார். நவம்பரில் எழுபது. ஜனவரியில் அறுபத்தொன்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவு என்று கொண்டுவந்தவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது 72. எங்கள் ஆட்களுக்கு 61. அப்படியானால் எங்கள் ஆட்கள்தான் மலிவு! நாற்பது பேரையும் திருப்பி அனுப்பியிருக்க வேண்டியதுதானே? அனுப்பமாட்டார்கள். அவர்கள் போன மறுநாளே வாசலில் சட்டி கவிழும். முதலாளி சதுரத்துக்குப் பதினொன்று கூடக் கொடுத்து வாங்கியது வேலையை அல்ல. எங்கள் பயத்தை. மைக்கில் பேசியவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா?

அறுபத்தொன்றில் குடும்பம் ஓடாது. மகள் பதினொன்றாம் வகுப்பு. "வெளிநாட்டுக்குப் போறேன்" என்று ரசமட்டம் முடிவு எடுத்தார். ஊரில் ஆள் அனுப்புகிறவர் ஒருவர்தான். நாற்பது பேரை உள்ளே கொண்டுவந்த அதே ஏஜென்ட். அதே ஆபீஸ். "உங்க மாதிரி கைத்தேர்ச்சிக்காரங்களுக்கு அங்க நல்ல மரியாதை அண்ணே" என்று சொல்லி, ரசமட்டத்தின் காகிதங்களை வாங்கி அதே பச்சைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

1997 பிப்ரவரி 8, சனிக்கிழமை, என்னிடம் விடைபெற வந்தார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. 72 என்றேன். 41 என்றேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை மாசமா தெரியும் கணக்கரய்யா?"

"ஒன்பது மாசம்."

"ஒன்பது மாசம் நோட்டுக்குள்ள வெச்சுப் பூட்டியிருந்தீங்க. அவன் பெட்டி பச்சை. உங்க பெட்டி என்ன கலர்?"

நான் டிராயரைத் திறந்தேன். "ரெண்டு நம்பரையும் ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க" என்றார். எழுதி, கம்பெனி தேதிமுத்திரையும் குத்திக் கொடுத்தேன். நீளக்கையிடம் காட்டுவார் என்று நினைத்தேன். கொட்டகைப் பக்கம் பத்தடி நடந்தார். நின்றார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில், ரசமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். திங்கட்கிழமை விமானம் ஏறினார்.

முதல் கடிதம் ஏப்ரல் 29-இல் வந்தது. வெயில், கொட்டகை, ஒரு அறையில் பதினாறு பேர், கட்டில் எல்லாம் சாய்வு, இவ்வளவுதான். இரண்டாவது கடிதம் நவம்பர் 15-இல் வந்தது. அதில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்.

"கணக்கரய்யா, இங்க உள்ளூர் பூச்சுக்காரங்க கொஞ்ச பேர் இருக்காங்க. போன மாசம் ஒருநாள் காலையில எல்லார் கையுறையும் சாரத்துக் குழாயில தொங்குச்சு. முந்தின நாள் மழை. காயப்போட்டிருக்காங்கன்னு நெனச்சு நான் பாட்டுக்கு வேலை செஞ்சேன். சாயங்காலம் ஒரு பெரியவர் என் காலடியில துப்பிட்டுப் போனார். அப்புறம்தான் தெரிஞ்சது, அது அவங்க கவிழ்த்த சட்டி. அவங்களுக்குக் கூலி குறைச்சிருக்காங்க. நான் அதுக்குள்ள ஆறு சுவர் பூசிட்டேன். நீளக்கை என்கிட்ட வந்து கேட்டான்யா. நான் யார்கிட்டயும் கேட்கக்கூட இல்ல. சீட்டை இதோட வெச்சிருக்கேன். அவன்கிட்ட கொடுங்க. சட்டியைப் பத்தியும் சொல்லுங்க. நான் பொய் சொன்னேன்னும் சொல்லுங்க."

மறுநாள் ஞாயிறு. கொட்டகைக்குப் போனேன். நீளக்கை சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். சட்டி கவிழ்ப்பது பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் கையமர்த்தினான்.

"அது அன்னைக்கே தெரியும் சார். நீங்க எல்லாம் கவிழ்த்த மூணாம் நாளே அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தர் வந்து சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா வேலை செஞ்சீங்க?"

"சட்டியைக் கவிழ்த்தா பெட்டியைத் திறந்து காகிதத்தைக் கிழிச்சிருவான். உங்களுக்குச் சட்டி ஒண்ணுதான் சார். எங்களுக்குப் பெட்டியும் இருக்கு."

சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். ஈரக்கையால் எண் அழிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். "நாற்பத்தொண்ணு எங்களுக்கு. சரி. இது என்ன எழுபத்திரண்டு?"

"கம்பெனி உங்களுக்காக அவனுக்குக் கொடுக்கிறது."

"நாற்பத்தெட்டுன்னு சொன்னான்! ஏழு மட்டும் தனக்கு, அதுவும் எங்க சாப்பாட்டுக்குன்னு சொன்னான்." சீட்டைத் திருப்பித் தேதிமுத்திரையைப் பார்த்தான். அடுத்த கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் நெற்றியில் நான்கு தையல் தழும்பு. அவனிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க போங்க சார். இது உங்க கையெழுத்துன்னு யாருக்கும் தெரியாது" என்றான். என் பயத்தை என்னைவிட அவன் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான்.

1997 நவம்பர் 24, திங்கள். எங்கள் பக்கம் மிஞ்சியிருந்தவர்கள் ஒன்பது பேர். சட்டிகளை வரிசையாக வைத்தார்கள். முதல் இடம் காலி. அந்த இடத்தில் யாரும் வைப்பதில்லை. ஏழு மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளிருந்து, நாற்பது பேரில் முப்பத்தெட்டு பேர் சட்டியோடு நடந்து வாசலுக்கு வெளியே வந்தார்கள். சூப்பர்வைசர் வாய் திறப்பதற்கு முன்பே எல்லாச் சட்டியும் கவிழ்ந்தது. நாற்பத்தேழு. நான் இரண்டு முறை எண்ணினேன்.

டிசம்பர் 20-இல் கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம். பூசிய சுவரை ஏழு நாள் நனைத்துக் காயவைக்க வேண்டும். அந்த ஏழு நாளை எந்த ஏஜென்ட்டும் லாரியில் கொண்டுவர முடியாது. ஒரு வாரம் முதலாளி முறைத்துப் பார்த்தார். பிறகு அவரே போன் போட்டு ஏஜென்ட்டைப் பெட்டியோடு வரச் சொன்னார். டிசம்பர் 1, வாசலில் வைத்து, எல்லாருக்கும் ஒரே விலை, கையில் நேராக. எண்பத்தெட்டு.

இதை வெற்றி என்று சொல்பவர்களுக்கு: இரண்டு வருடத்துக்கு முன் அது 104. அதோடு, பெட்டியைத் திறந்து காகிதங்களை அவரவரிடம் கொடுத்தபோது, லாரியில் வந்தவர்களில் பதினொரு பேருடையது அதில் இல்லை. தொலைந்துவிட்டதாம். அந்தப் பதினொரு பேரும் மூன்று வாரத்துக்குள் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். தழும்புக்காரனும் அதில் ஒருவன்.

டிசம்பர் 3 அன்று நடந்ததை எல்லாம் ரசமட்டத்துக்கு எழுதினேன். ஜனவரியில் அங்கே மறுபடியும் கையுறைகள் குழாயில் தொங்கியபோது, வெளியிலிருந்து போனவர்களில் முதலில் தொங்கியது அவருடையது. ஒப்பந்தத்தை முறித்தார் என்று ஆறு வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். 1998 மார்ச் 1 அன்று வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு வாசலில் இருந்தார். இளைத்திருந்தார். சட்டைப்பையில் ரசமட்டம் இருந்தது.

முதல் இடம் அப்படியே காலியாக இருந்தது. இரண்டாம் இடத்தில் நீளக்கை.

"வாங்கண்ணே. சட்டி சும்மாதான் இருக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. ரசமட்டம் சிரிக்கவில்லை. "நான் உனக்குச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றான் நீளக்கை. அதற்கு மேல் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. சட்டியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டான்.

எட்டு வாரம் அவர் அந்த இடத்தில் நின்றார். பிறகு ஏஜென்ட்டிடமிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தத்தை முறித்ததற்கு நஷ்டம், விமானச் செலவு, ஆபீஸ் செலவு, மொத்தம் 9,430. கட்ட முடியாவிட்டால், கடன் தீரும்வரை இதே கம்பெனியில், இதே கட்டடங்களில், ஏஜென்ட்டின் ஆளாகச் சதுரத்துக்கு 41-க்கு வேலை செய்ய வேண்டும். ஒப்புதல் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்ட இடம் விட்டிருந்தார்கள்.

அதை அவர் என் ஜன்னலுக்குக் கொண்டுவந்து, "வந்த தேதியைப் பின்னாடி எழுதி முத்திரை குத்துங்க. என் கணக்குல எதுவும் விடுபடக் கூடாது" என்றார். எழுதி, குத்திக் கொடுத்தேன். திங்கள் காலை, கடிதத்தைத் தரையில் விரித்து, முதல் இடத்தில், அதன் மேல் தன் சட்டியைக் கவிழ்த்தார். நீளக்கை தன் சட்டியைக் கவிழ்த்தான். வரிசை முழுவதும் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தது. சூப்பர்வைசர் அன்று விலையே சொல்லவில்லை; "ஏஜென்ட்டுக்கும் நமக்கும் இனிமேல் சம்பந்தம் இல்லைன்னு முதலாளிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்று ரசமட்டம்தான் அவரிடம் சொன்னார். பத்து மணிக்கு எழுதிய தாள் வந்தது. பிறகுதான் சட்டி நிமிர்ந்தது. ஈரச் சாந்து ஒட்டிய அந்தக் கடிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. பின்பக்கம் என் கையெழுத்தில்: கிடைத்தது, 1998 ஏப்ரல் 25, சனிக்கிழமை.